மிளகுக் கிடங்கில் ஒரு கொலை வழக்கு

போன ஞாயிற்றுக்கிழமை கொச்சியில், கலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் கணினி முன்னால் உட்கார்ந்து துப்பறியும் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தாள். பழைய காலத்து நகரம், டிராம் வண்டி, விடாத மழை, ஒரு பிணம். திரையில் ஒரு மீசைக்காரன் முழித்துக்கொண்டு நிற்க, "சித்தி, இவன் பொய் சொல்லறானா?" என்று என்னிடம் கேட்டாள். சட்டென்று என் மூக்கில் மிளகு நெடி ஏறியது. அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பே மூட்டவில்லை, வெளியில் வாங்கித்தான் சாப்பிட்டோம். "முதல்ல அவனுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பாவம், அவளுக்குத் தெரியாது. நான் ஒரு காலத்தில் இதே தொழிலில் இருந்தவள்.

மட்டாஞ்சேரியில் மூர்த்தி மாமாவின் மிளகுக் கமிஷன் ஆபீசில்தான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தேன். மாமா என்றால் சொந்த மாமா இல்லை. பாலக்காட்டுக்காரர்களான எங்களுக்கு வயதான ஆண் என்றாலே மாமாதான். மலையாளிகளுக்கு அவர் சாமி. முன்னால் ஆபீஸ், பின்னால் கிடங்கு. கிடங்குக்குப் பொறுப்பு ஹம்சிக்கா. முப்பது வருஷமாக மிளகைச் சலித்து, பல்லில் கடித்து, தரம் சொல்கிற மனிதர். சாவியும் அவர் இடுப்பில்தான். என் வேலை கணினியில் விலையைப் பார்த்து மாமாவிடம் உரக்கச் சொல்வது. மழைக்காலத்தில் விலை அசையாது. அதனால் நானும் அசைய மாட்டேன். ஒரு நாளைக்கு இருபது தும்மல் தும்முவேன், அவ்வளவுதான் உழைப்பு.

அப்படிப்பட்ட ஒரு மழைக்காலத்தில்தான் என் தம்பி பென் டிரைவில் கொண்டுவந்து அந்த விளையாட்டை ஆபீஸ் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். எங்கோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகம், யுத்தம் முடிந்த காலம். அத்தர் வியாபாரி ஒருவரின் மனைவியை யாரோ கொன்றுவிடுகிறார்கள். தொப்பி போட்ட துப்பறிவாளர் நாம்தான். புருஷன், வீட்டுச் சொந்தக்காரன், கார் டிரைவர் என்று மூன்று பேரை விசாரிக்க வேண்டும். ஒவ்வொருவரும் பதில் சொன்னதும் முகத்தைக் கூர்ந்து பார்த்து மூன்று பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும்: நம்பு, சந்தேகப்படு, பொய் என்று சொல். பொய் என்று சொன்னால் கையோடு ஆதாரமும் காட்ட வேண்டும்.

மத்தியானம் சாப்பிடப் போன மாமா அன்று சீக்கிரம் திரும்பிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. மனுஷர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, யார் இது, எந்த ஊர், எத்தனை குழந்தைகள் என்று ஒவ்வொரு ஆளைப் பற்றியும் விசாரித்தார். துப்பறிவாளரைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. வந்தவன் உட்காரவில்லை, ஊர் சமாசாரம் கேட்கவில்லை, நேரே கொலையைப் பற்றிப் பேசுகிறானே, வளர்த்தது சரியில்லை என்றார். புருஷன்காரன் கண்ணை உருட்டிக்கொண்டு பதில் சொன்னபோது நான் 'பொய்' பொத்தானுக்குப் போனேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார்.

"அது பொய்தான், எனக்கும் தெரியறது. அதுக்காக யாராவது மொகத்தைப் பாத்துச் சொல்லுவாளோ? நாளைக்கு அவன் நம்மகிட்ட வர வேண்டாமா?"

எங்கள் தெருவின் முறை அது. மூட்டையில் கையை விட்டு, சரக்கு மோசம் என்று தெரிந்தால், "இது வேற லாட் போல இருக்கே" என்று மட்டும் சொல்வார்கள். கொண்டுவந்தவர் புரிந்துகொண்டு சத்தமில்லாமல் எடுத்துப்போய் மறுநாள் நல்ல சரக்காக அனுப்புவார். அதை மறுபடி அவிழ்த்துப் பார்ப்பது அசிங்கம். இந்த மரியாதையைக் கொலைகாரர்களுக்கும் காட்டினோம். மூன்று பேரையும் முழுசாக நம்பினோம். ஹம்சிக்காவும் சல்லடையோடு வந்து நின்று, டிரைவருடைய முகத்தில் பதர் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார். முடிவில் அந்த விளையாட்டின் போலீஸ் மேலதிகாரி எங்களைக் கையாலாகாதவர்கள் என்று ஏசிவிட்டு, கேட்க ஆளில்லாத டிரைவரைத் தானே பிடித்து ஜெயிலில் போட்டார். மாமா அன்று சாயாவைத் தொடவே இல்லை.

அந்த வாரம்தான் நிஜமாகவே இடி விழுந்தது. மலையிலிருந்து வர்க்கிச்சன் என்ற பழைய வாடிக்கைக்காரர் அனுப்பிய மிளகில் மாமா பப்பாளி விதையைக் கண்டு, வேற லாட் போல இருக்கே என்றிருந்தார். வர்க்கிச்சனும் எடுத்துப்போனார். மறுநாள் அதே மூட்டைகளைப் புதுச் சணலில் தைத்து அனுப்பிவிட்டார். மாமாவோ மரியாதைக்காக அவிழ்க்கவில்லை, ஹம்சிக்காவையும் அவிழ்க்க விடவில்லை. சரக்கை வாங்கிய ஏற்றுமதிக்காரர் அவிழ்த்தார். கலப்படம் வெளியே வந்ததும் வர்க்கிச்சன், தான் அனுப்பியது சுத்தமான சரக்கு, உங்கள் கிடங்கில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். கிடங்கு என்றால் சாவி, சாவி என்றால் ஹம்சிக்கா. சனிக்கிழமை வியாபாரிகள் கூடிப் பேசி, அவரை அனுப்பிவிட வேண்டும் என்றால் அனுப்பித்தான் ஆக வேண்டும். கலப்படக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கு அந்தத் தெருவில் மூட்டை தூக்கக்கூட வேலை கிடைக்காது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா என்னைக் கூப்பிட்டு, கணினியில் அத்தர் வழக்கை முதலிலிருந்து போடச் சொன்னார். புருஷன்காரன் வந்து கண்ணை உருட்டினான். மாமா மவுசைத் தன் கையில் வாங்கி, நாலு தடவை அம்புக்குறியைப் பொத்தான் வரை கொண்டுபோய்த் திரும்பினார். ஐந்தாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். "மன்னிக்கணம்" என்று அத்தர் வியாபாரியிடம் தமிழில் சொல்லவும் செய்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எல்லாரும் மழையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். வர்க்கிச்சன் தன் பேச்சை முடித்ததும் மாமா எழுந்தார்.

"வர்க்கிச்சா, நீங்க சொன்னது பொய்."

சாயா கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. அந்தத் தெருவில் ஒருவர் இன்னொருவரிடம் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மாமா சொன்னதோடு நிற்காமல், விளையாட்டில் செய்கிற மாதிரி, ஆதாரத்துக்காக என் பக்கம் கையை நீட்டினார். என்னிடம் ஏது ஆதாரம்? கோப்பைத் திறந்தேன். கைக்கு அகப்பட்டது கொலை வழக்குக்காக நான் கிறுக்கி வைத்திருந்த தாள்: 'புருஷன் – கண் உருட்டல். வீட்டுச் சொந்தக்காரன் – கையில் காயம். டிரைவர் – பாவம்.' வேறு வழியில்லாமல் அதை மடித்துக் கொடுத்தேன். மாமா பிரித்துப் பார்க்காமலே உயர்த்திப் பிடித்து, எல்லாம் இதில் இருக்கிறது என்றார்.

வர்க்கிச்சன் தாளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "சாமியா என்னைச் சொல்றது?" என்று கேட்டவர் உடைந்துவிட்டார். பழைய மூட்டைதான், சணலை மட்டும் மாத்தித் தச்சேன் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். பொய் என்று கேட்டுப் பழக்கமே இல்லாத மனுஷர், அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஹம்சிக்காவின் சாவி இடுப்பிலேயே இருந்தது. ஆனால் திங்கட்கிழமை முதல் எங்கள் படியை ஒருவரும் மிதிக்கவில்லை. முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள் என்று மாமாவுக்குப் பெயர் ஆகிவிட்டது. நல்ல சரக்கு வைத்திருந்தவர்கள்கூடப் பயந்தார்கள். அடுத்த மிளகுக் காலத்துக்குள் ஆபீசை மூடினோம். கணினியைப் பக்கத்துத் தோப்பும்படியைச் சேர்ந்த ஒரு ரிப்பேர் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனார். அத்தர் வழக்கு பாதியில் நின்றுபோனது.

இப்போது அந்தக் கிடங்கு சுற்றுலாக்காரர்கள் தங்குகிற விடுதி. காலிச் சாக்குகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். போன மாதம் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தேன், ஒரு தும்மல் வரவில்லை. அதற்காக நடுத்தெருவில் நின்று அழுத ஒரே பைத்தியம் நானாகத்தான் இருப்பேன். மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆபீஸ் மூடிய மாதமே வர்க்கிச்சன் ஹம்சிக்காவைத் தன்னிடம் வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஊரறிய யோக்கியன் என்று தீர்ப்பான ஒரே ஆளாம், விடுவாரா. எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கே நேரே மாமா வீட்டுக்குப் போய், உங்களுக்கும் தொழில் போச்சு, எனக்கும் வேலை போச்சு, ஹம்சிக்காவுக்கு மட்டும் வேலை இருக்கிறது பார்த்தீர்களா என்று கத்தினேன். மாமா என்னை மந்தபுத்திக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"பின்னே எதுக்காக்கும் டீ அன்னிக்கு நம்ம கூட்டத்துக்குப் போனது?"