அறுபதில் வரும் சத்தம்

டயர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து, வருஷம் முழுக்க ஓட எது நல்லது? என்னைப்போல் கடையில் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவர்களுக்குத் தெரியும், ஈரத்தில் கவ்வுவது சீக்கிரம் தேயும், தேயாதது வழுக்கும். நடுவில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீடு போய்ச் சேரும் வரை நாம்தான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கையை எடுத்துக்கொண்டவன்

எழுமலையிலிருந்து செல்லப்பாண்டி காளவாசல் கடைக்கு வந்தபோது, அவன் காரின் நான்கு டயரும் மொட்டை. பின்சீட்டில் மனைவி முத்துலட்சுமி, நிறைமாதம். மழை தொடங்கியிருந்தது. வலி எடுத்தால் மதுரை ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில்தான் வர வேண்டும். முந்தின நாள்தான் உசிலம்பட்டி அருகே பிரேக் போட்டதும் வண்டி குறுக்கே திரும்பி நின்றிருக்கிறது.

மூன்று டயரை உருட்டி வைத்தேன். இது நாள்பட உழைக்கும், இது ஈரத்தில் நிற்கும், இது இரண்டையும் சமாளிக்கும், சத்தமே வராது என்றேன். எல்லாரும் சத்தமில்லாததைத்தான் தடவிப் பார்ப்பார்கள். அவன் அதிலிருந்து கையை எடுத்துக்கொண்டு கேட்டான்: "இதுல எதும்மா நல்லா சத்தம் போடும்?"

நாகமலை தாண்டி

மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த டயர் முனகும், புதிதில்லை. ஆனால் அந்த வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த எங்கள் ஃபிட்டர் இப்ராகிம் பாய், "நீங்களும் ஒரு தடவ கேட்டுருங்கம்மா" என்றார். முத்துலட்சுமியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு, செல்லப்பாண்டியோடு தேனி ரோட்டில் போனேன். ஐம்பதில் வெறும் இரைச்சல். முள் அறுபதைத் தொட்டதும் அது மெலிந்து, ஒரு பெண் வாய் மூடித் தாலாட்டு முனகுவதுபோல் ஆனது. இழுத்தது, மூச்சு வாங்க இடம் விட்டது. டயருக்கு மூச்சு எதற்கு?

எழுபதில் நின்றுபோயிற்று. அவன் உடனே வேகத்தைக் குறைத்தான், மறுபடி வந்தது. போன வருஷம் அவன் அம்மா ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், அந்தப் பின்சீட்டிலேயே இறந்துபோனாளாம். "இந்த டயரக் கழட்டிட்டா ஆத்தா எதுலம்மா வரும்?"

மூலையில் நான்கு

முத்துலட்சுமி விடவில்லை. சத்தமில்லாததை அவளே காட்டினாள், மாட்டி அனுப்பினோம். மறுநாள் பழைய டயர் எடுக்கிறவருக்காக, மூலையில் கிடந்த நான்கில் ஒன்றை பாய் சிமெண்டுத் தரையில் உருட்டினார். அதே தாலாட்டில் அரை அடி கேட்டது. டயர் சுவரில் முட்டிச் சாய்ந்ததும் அடங்கியது. எடுக்க வந்தவர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். பாய் இன்னொன்றை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விட்ட எடத்துலருந்து எடுக்குதும்மா."

முத்துலட்சுமி தனியாக வந்தாள்

ஒரு வாரம் கழித்து அந்த வயிற்றோடு பஸ் ஏறி வந்தாள். "பழைய டயரையே மாட்டிக் குடுங்கம்மா. அறுபதுல கேக்கலன்னு எம்பதுக்குப் போறாரு, அங்கயும் இல்லன்னு நூறுக்குப் போறாரு. அம்புட்டு வேகத்துக்கு நாங்க ரெண்டு உசுரு தாங்குவமா?" மொட்டை டயரை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. "உன் மாமியார் பாட்டு உனக்குத் தெரியுமா?" என்றேன். தெரியும் என்றாள். "அப்போ பின்னால் உட்கார்ந்து நீ பாடு. அறுபதில் மட்டும் பாடு."

பிறகு பெண் குழந்தையோடு வந்தார்கள். அவன் பாயோடு காற்றுப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவள் என்னை ஓரமாக அழைத்தாள். "வலி எடுத்த அன்னைக்கு மழையில நூறுல வந்தாரும்மா. நான் பாடுனதும் அறுபதுக்கு எறங்கிட்டாரு. செக்கானூரணி தாண்டி வலி தாங்காம நான் நிப்பாட்டிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பாட்டு நிக்கலம்மா."

அன்றிலிருந்து, சத்தமே வராது என்று சொல்லி நான் எந்த டயரையும் விற்பதில்லை.