யாழினியின் வாசிப்பு

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. பெற்றோர் சங்கத்திடம் கெஞ்சி வகுப்புக்கு ஸ்மார்ட் டிவி வாங்கியிருந்தேன். பிள்ளைகள் வீட்டில் பாடம் வாசித்து, அதை வாட்சப்பில் வீடியோவாக அனுப்புவார்கள். நான் வகுப்பில் போட்டுக் காட்டுவேன்.

யாழினி வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அவள் வீடியோவில் முதல் நாலு வரி கேட்டதுமே பூரித்துப்போய், அப்படியே டிவியில் போட்டேன். கணீரென்று வாசித்தாள். எல்லாரும் கைதட்டினோம். அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

வாசிப்பு முடிந்தும் வீடியோ ஓடியது. அவள் அம்மாவின் குரல் கேட்டது. "முடிஞ்சிச்சா? அப்பா எழுந்திரிக்கிறதுக்குள்ள ஃபோனை அரிசி டின்னுல ஒளிச்சு வை லா. பாத்தா இதையும் வித்துக் குடிச்சிருவாரு."

நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் கேட்டுவிட்டது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. யாழினி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு நேரத்தில் அவளைத் தனியே கூப்பிட்டு, "மன்னிச்சிரும்மா, டீச்சர் முழுசா பாக்காம போட்டுட்டேன்" என்றேன்.

"பரவால்ல டீச்சர்."

அடுத்த வாரமும் அவள் வீடியோ தவறாமல் வந்தது. இம்முறை நான் மட்டும் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்பியிருந்தாள்.

அந்தப் பிள்ளையைப் பேசவைக்கத்தான் நான் டிவி கேட்டு அலைந்தேன்.