பென்னி போட்ட கடைசிப் பந்து

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவன். எண்ண முடியாத எதையும் நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவன். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஏற்கெனவே வேறு பல விஷயங்களுக்குப் போதுமான அளவு கோபத்தில்தான் இருக்கிறேன்.

முதல் கோபம் அந்த ஃபிளெக்ஸ் பேனர். பென்னி செத்துப்போனதும் மர்பி டவுனில் அவன் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி என்று ஒன்று கட்டினார்கள். பென்னி பேஸ்பால் ஆடியவன். எங்கள் அணியின் பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவன். பேனரில் அவன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரிக்கெட் மட்டை! அச்சடித்த கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

“ஏன் சார் டென்ஷன் ஆகுறீங்க? ரெண்டும் பேட்டுதானே? தூரத்துல இருந்து பாத்தா யாருக்குத் தெரியும்?” என்றார் கடைக்காரர்.

“அவன் பேட்டைத் தூக்கினா காத்துதான்யா வரும்! அவன் பந்து போடறவன்!”

“அப்ப பௌலர்னு போட்டுடவா சார்?”

போனை வைத்துவிட்டேன்.

பென்னி பந்து போட்டான், நான் பிடித்தேன். மட்டைக்காரனுக்குப் பின்னால் பெரிய தோல் கையுறையோடு குந்தி உட்கார்ந்திருப்பவன் கேட்ச்சர், அது நான். என்ன பந்து வேண்டும் என்று இரண்டு முழங்காலுக்கு நடுவே விரலால் காட்டுவது கேட்ச்சரின் வேலை. ஒரு விரல் என்றால் நேர்ப் பந்து, இரண்டு என்றால் வளைவு, மூன்று என்றால் கடைசி நொடியில் சடாரென்று கீழே விழுகிற பந்து. எதைக் காட்டினாலும் பென்னி இரண்டு தடவை வேண்டாம் என்று தலையாட்டுவான். பிறகு நான் கேட்டதையேதான் போடுவான். கேட்டால், “உன்னை டென்ஷன் பண்ணலன்னா எனக்குக் கை வராது வாத்தியாரே” என்பான்.

அந்த மூன்று விரல் பந்துதான் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, கெடுத்ததும் அதுதான். மாநில அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டத்தில் நடுவர் பந்தை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்து, பந்து அப்படி விழ மெழுகு தடவி ஏமாற்றுகிறான் என்று சொல்லிவிட்டார். பென்னி கத்தினான்: “காலைல கோயில்ல கேண்டில் ஏத்திட்டு வந்தேன்யா, கையில வழிஞ்சிருக்கும்!” மைதானமே சிரித்தது. அவன் நடுவரின் சட்டையைப் பிடித்தான். அத்தோடு அவனை ஒதுக்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், நீதானே பிடித்தாய், உனக்குத் தெரியாதா என்று. எனக்குத் தெரியாது. சில பந்து வழுக்கும், சில ஒட்டும், வியர்வையா புழுதியா மெழுகா, யார் கண்டது! அவனையே பல தடவை கேட்டேன். ஒரு தடவைகூட நேராகப் பதில் சொல்லாமல் இரண்டு தரம் தலையாட்டிவிட்டுச் சிரித்தான். அது இல்லை என்றா, ஆமாம் என்றா? அந்த எரிச்சலிலேயே எனக்கு வயதாகிவிட்டது.

அவன் மனைவி ஸ்டெல்லா முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் வீட்டுக்கு வந்து அழுதது. “அண்ணா, பூசை முடிஞ்சு ஹால்ல நீங்க பேசணும். அவர் ஏமாத்தலன்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க. சொந்தத் தம்பியே சாவுல மெழுகுவத்தி பென்னின்னு சொல்லிச் சிரிக்குறாரு. நீங்க சொன்னாதான் நம்புவாங்க.”

சரி என்று சொல்லிவிட்டேன். தெரியாததை எப்படிச் சொல்வது?

அன்று பூசை முடிந்து, கல்லறையில் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் உள்ள ஹாலுக்குத் திரும்பினோம். நாற்பது நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தார்கள், வந்தவர்கள் என்னைத் தவிர பதினேழு பேர். மேஜைமேல் பென்னியின் படம், மாலை, அவனுடைய பழைய பந்து ஒன்று. அதன் பக்கத்தில் வைக்கச் சொல்லி ஸ்டெல்லா கேட்டதால் என் கையுறையையும் கொண்டுபோயிருந்தேன். அதை வைக்க மனம் வரவில்லை. எல்லோரும் டீயும் சமோசாவும் எடுத்த நேரத்தில் அதை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பள்ளி மைதானத்துக்கு இறங்கினேன். மழை விட்டு, வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஒருவரும் இல்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, முட்டி வலியோடு குந்தி உட்கார்ந்து மூன்று விரலைக் காட்டினேன். “டேய் பென்னி, தடவினியா இல்லையா? போட்டுக் காட்டித் தொலைடா, உள்ள போய் நான் பேசணும்” என்று வாய்விட்டே சொன்னேன்.

நம்பினால் நம்புங்கள். எதிரே நின்ற வேப்பமரத்தின் கிளை ஒன்று இடமும் வலமுமாக இரண்டு தடவை அசைந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நொடி மார்பு உயரத்தில் ஒரு பந்து வந்து, சடாரென்று இறங்கி, பழைய பழக்கத்தில் கீழே போன என் கையுறையில் ‘பட்’டென்று விழுந்தது. நான் பின்னால் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்து பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, ஒரு பிசுக்கு இல்லை. நடுவர் செய்ததுபோல் நகத்தாலும் சுரண்டினேன். ஒன்றும் இல்லை.

ஹாலுக்கு ஓடினேன். பதினேழு பேரும் இருந்தார்கள், இரண்டு தரம் எண்ணினேன். மேஜைமேல் இருந்த பந்தைக் காணவில்லை. ஸ்டெல்லா அந்த மேஜையை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தது. “அண்ணா, பந்து உங்க கையிலயா இருக்கு? நீங்க எப்ப வந்து எடுத்தீங்க?”

யாரோ விளையாட்டாக வீசியிருப்பார்கள் என்பீர்கள். அந்த ஹாலில் பேஸ்பால் ஆடியவர்கள் நாலு பேர். ஒருவனுக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது. மற்றவர்களுக்கு டீ கப்பைத் தூக்கவே கை நடுங்குகிறது. அந்தப் பந்தை அவர்கள் வாலிபத்திலேயே போட்டதில்லை.

சேறு ஒட்டிய வேட்டியோடு நின்று பேசினேன். “பென்னி ஏமாற்றவில்லை, பிடித்தவன் நான், எனக்குத் தெரியும்” என்றேன். ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. அவன் தம்பி எழுந்து வந்து ஸ்டெல்லாவின் காலடியில் உட்கார்ந்து, “மன்னிச்சிடு அண்ணி” என்றான்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு என்ன குறை? வீட்டுக்கு வந்து கையுறையைத் துடைக்க எடுத்தேன். பந்து விழுந்த குழியில், கட்டைவிரல் அகலத்துக்கு, மெழுகு.

கல்லறையில் நானும் மெழுகுவத்தி பிடித்தேன்தான். என் கையில் வழிந்ததாக இருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். அன்று மைதானத்தில் அவனும் அதையேதான் சொன்னான்.

நேற்றும் ஸ்டெல்லா போன் செய்தது. கல்லறைக் கல் தயாராம், பேருக்குக் கீழே ‘நேர்மையாக ஆடியவர்’ என்று வெட்டலாமா, அண்ணன் சரி என்றால் போதும் என்றது. நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எத்தனை நாளை சொல்வது?

அந்த மெழுகை நான் துடைக்கவில்லை. முப்பதாம் நாள் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. சாதாரண மெழுகு என்றால் அன்றைக்கே இறுகியிருக்க வேண்டும். இன்று காலையும் விரலை வைத்துப் பார்த்தேன். அமுங்குகிறது. இளஞ்சூடாக இருக்கிறது.