சிவப்பு விழுந்தால் விளக்கு

மௌரீனுக்குக் காது போனது முப்பத்திரண்டு வயதில். மூளைக்காய்ச்சலில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். சத்தம் மட்டும் திரும்பி வரவில்லை. பேச்சு இருந்தது. எதிரே இருப்பவர் வாயைப் பார்த்தால் முக்கால்வாசி புரிந்தது. மல்லேஸ்வரத்தில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை அவளுக்கு. அதற்குக் காது எதற்கு என்று முதலாளி ஸ்ரீகண்டன் அவளை அப்படியே வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் கணவர் ஆம்ப்ரோஸ் பழைய மாருதியில் வந்து கூட்டிப்போவார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். லிங்கராஜபுரம் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். காருக்குள் இருட்டு. அவர் ஏதோ சொல்வதுபோல் இருக்கும், என்னவென்று தெரியாது. முதல் சில மாதங்கள் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தாள்.

ஒரு நாள் ஜெயமஹால் சிக்னலில் வண்டி நின்றதும் ஆம்ப்ரோஸ் கையை உயர்த்திக் கூரை விளக்கின் சின்னப் பித்தானைத் தள்ளினார். மஞ்சள் வெளிச்சத்தில் அவர் உதடு கேட்டது:

"மத்தியானம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க. ரசம்தான் கொஞ்சம் புளிச்சுப்போச்சு."

பச்சை விழுந்ததும் அணைத்துவிட்டார். உள்ளே விளக்கு எரிந்தால் முன்கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும், ரோடு தெரியாது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. சிந்தியா வயிற்றில் இருப்பதை அவள் சொன்னதும் ஒரு சிக்னலில்தான். பின்னால் அடித்த ஹாரன் அன்றைக்கு அவருக்கும் கேட்கவில்லை.

ஒரே ஒரு முறை அவளே விளக்கை அணைத்தாள். தலைமை புரூஃப் ரீடர் இடம் காலியானபோது ஸ்ரீகண்டன் ஆம்ப்ரோஸிடம் விசாரித்திருக்கிறார். "போன்ல பேசணும்னா அவளால முடியாது சார்" என்று இவர் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்த அன்று அவர் விளக்கைப் போட்டார், அவள் அணைத்தாள். மறுபடி போட்டார், மறுபடி அணைத்தாள். காது கேட்கிறவர்களுக்கு இல்லாத சௌகரியம் அது.

மூன்று நாள் இருட்டிலேயே போனார்கள். நாலாம் நாள் அவளுக்கே பொறுக்காமல் கை நீட்டிப் போட்டாள். அவர் உதடு ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தது. பார்க்க ஆளில்லாமலே மனுஷர் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்.

"உன்னைக் கேக்காம சொன்னது என் தப்புதான்."

"அதை முதலாளிகிட்ட யார் சொல்றது?"

"காலையிலயே போய்ச் சொல்லிட்டேன்."

வேலை அவளுக்கே வந்தது. ஷில்பா என்ற பெண் போனை எடுத்து விஷயத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். மௌரீன் பதினாறு வருஷம் அந்த நாற்காலியில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றாள்.

மாருதியைப் போன வருஷம் விற்றாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசைக்கு சிந்தியாவின் புதுக் காரில் போகிறார்கள். மகள் ஓட்டுகிறாள், இவர்கள் இருவரும் பின்னால். விளக்குக்குப் பித்தானே இல்லை; விரலால் தொட்டால் வெள்ளையாக எரிகிறது. மங்கலாக வைத்துக்கொள்ளவும் முடிகிறது. அது ஓட்டுகிறவளுக்குத் தொந்தரவில்லை என்பதால் வழி முழுக்கப் பேசலாம்.

இருந்தும் அந்தப் பழைய இருட்டு மௌரீனுக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. அடுத்த சிக்னலுக்குள் எதைச் சொல்வது, எதை வீட்டுக்கு வைத்துக்கொள்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்த இருட்டு. போன வாரம் அவரிடம் சொன்னாள்.

ஆம்ப்ரோஸ் சிரித்தார். "எனக்கு அப்பல்லாம் பச்சையைப் பார்த்தாலே கடுப்பா வரும்."

முன்னாலிருந்து சிந்தியா ஏதோ கேட்டிருக்க வேண்டும். பதில் சொல்ல அவர் அந்தப் பக்கம் திரும்பினார். முகம் தன் பக்கம் வரட்டும் என்று மௌரீன் காத்திருந்தாள்.