துப்புகிற வேலை

வெள்ளைக்காரன் போன புதிது. கண்டோன்மென்ட் ஒயின் கடையில் நான் பாட்டில் கழுவினேன். ருசி பார்த்துத் தரம் சொல்ல ஒருவர் இருந்தார். நெற்றி நிறைய திருநீறு. ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். ஒரு சொட்டு விழுங்கமாட்டார்.

ஒருநாள் அவருக்குச் சம்பந்தி ஆகவேண்டியவர் கடைக்கே வந்துவிட்டார். "குடிகாரர் வீட்ல பொண்ணு எடுக்கமாட்டோம். இந்த வேலையை விட்டுடுங்க."

இவர் வாயில் சிவப்பு ஒயின். நிதானமாகக் கொப்பளித்துத் துப்பினார். "நாவப்பழம், கடைசியில துவர்ப்பு," என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினார்.

"நான் குடிக்கிறதில்லைங்க. துப்புறேன்."

"துப்புறதுக்கா சம்பளம்?"

"ஆமாங்க. முழுங்கத்தான் ஊரே இருக்கே. வேலையை விடமாட்டேன்."

வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இவர் வெள்ளை ஒயினை எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார்.

"பச்சை மாங்கா," என்றார். குரல் ஆடவில்லை. ஆனால் ருசி பார்த்து முடித்த அதே கிளாஸையே மறுபடி எடுத்தார்.