மட்டக்கோலும் கடைசித் தகடும்

அந்தக் கலங்கரை விளக்கத்தைப் பூட்டி நிறுத்திய ஃபிட்டரை வேலையிடத்தில் எல்லோரும் மட்டக்கோல் என்றுதான் அழைத்தார்கள். சாப்பிட உட்கார்ந்தாலும் மேசையை ஆட்டிப் பார்த்து, "ஒரு கால் குட்டை" என்று சொல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார்.

கோபுரம் முழுக்க வார்ப்பிரும்பு. பட்டறையில் வளைந்த தகடுகளாக வார்த்து, கரைக்குக் கொண்டுவந்து, போல்ட் போட்டு வட்டம் வட்டமாக அடுக்க வேண்டும். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய மரச் சக்கை செருகி இடைவெளி விடுவார்கள்; பிற்பாடு சக்கையை உருவிவிட்டு இரும்புத்தூள் பசையை அடைப்பார்கள்.

மூன்றாவது வட்டத்தில் கடைசித் தகடு உள்ளே போக மறுத்தது. ஒரு விரல் அகலம் இடித்தது. அதை வார்த்தவர் மட்டக்கோலின் தங்கை புருஷன்.

"என்ன மாப்பிள்ளை, அச்சுல இரும்பை ஊத்தினீங்களா, தூக்கத்தை ஊத்தினீங்களா?"

"அளந்துதான் அனுப்பினேன் மச்சான்."

"அப்ப இரும்பு வர்ற வழியில வளந்துடுச்சா?"

சாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. இன்னொரு தகடு இப்படி வந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்றார். கெட்ட வார்ப்பை வார்த்தவரே உடைக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். மாப்பிள்ளை சம்மட்டியை வாங்கி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அடித்து உடைத்தார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் மட்டக்கோல் ஒரு சக்கையை உருவப் பார்த்தார். வரவில்லை. இடுக்கி போட்டு இழுத்து, பையில் கிடந்த உலர்ந்த சக்கையோடு சேர்த்துப் பிடித்தார். உருவியது தடித்திருந்தது. ராத்திரி மழையில் சக்கை மூட்டையைத் திறந்தபடி விட்டுப்போனது அவர்தான். ஊறிப் பருத்ததைத்தான் காலையில் செருகியிருக்கிறார். இணைப்புக்கு ஒரு நூலளவு கூடி, வட்டம் முழுக்கச் சேர்ந்து ஒரு விரல்.

சத்தமில்லாமல் சக்கைகளை மாற்றிவிடலாம். புதுத் தகடு வந்ததும், "இப்பத்தான் சரியா வார்த்திருக்கீங்க" என்று முதுகில் தட்டிவிட்டுப் போகலாம். இந்த யோசனை இவ்வளவு சுலபமாக வந்ததே அவரைக் கூச வைத்தது.

பட்டறைக்கு நடந்தார். மாப்பிள்ளை அச்சுக்கு மணலை இடித்துக்கொண்டிருந்தார்.

"பழைய அளவே இருக்கட்டும் மாப்பிள்ளை. தப்பு என்னுது. சக்கை நனைஞ்சுபோச்சு."

இடிப்பது நின்றது.

"உங்க தங்கச்சி சாப்பாடு கொண்டாந்தா. 'எங்கண்ணன் கண்ணு தப்பாதே'ன்னுட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா."

மாப்பிள்ளை இடிகட்டையைக் கீழே வைத்தார்.

"இங்க வந்து என் காதுல ஓதுறீங்க மச்சான். அங்க சாரத்து மேல நின்னுல்ல பேசினீங்க."

மட்டக்கோல் திரும்பிப் போய்ச் சாரத்தில் ஏறினார். எல்லோரும் சாப்பிட்டு வந்திருந்தார்கள், மேலாளரும் இருந்தார். சொல்ல வாயெடுத்தபோது குரல் கம்மியது. கீழே நின்ற ஒருவர், கிண்டலில்லாமல்தான், "கேக்கலைங்க, கொஞ்சம் சத்தமா" என்றார்.

காது மடல் கொதிக்க, மட்டக்கோல் முதலிலிருந்து மறுபடி சொன்னார்.