துவக்குக் கடையில் ஒரு விசாரணை

தொண்ணூறுகளின் கடைசியில் சுவிஸில், லுசேர்ண் நகரில் குடியிருந்தோம். எங்கள் கறி மணம் கீழ்வீட்டுக்காரனுக்குப் பிடிக்கவில்லை. முதலில் வசவு. பிறகு கதவில் உதை. ஒருநாள் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. பொலிஸ் வந்து, எறிந்தவனைக் கண்ணால் கண்டாயா என்று கேட்டது. காணவில்லை என்றேன். அத்தோடு போய்விட்டார்கள்.

கணவருக்கு ஹோட்டல் சமையலறையில் வேலை. அவர் வரும்வரை வீட்டில் நானும் பிள்ளையும்தான். கைத்துப்பாக்கி ஒன்று வாங்குவோம் என்றேன்.

“துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்? இப்ப நீ அதை வாங்கப் போறியோ?”

“ஓம். அங்கை மற்றவங்களிட்டை மட்டும்தான் இருந்தது. அதாலைதான் ஓடி வந்தனாங்கள்.”

அவர் சனிக்கிழமைக்கு லீவு கேட்டு வைத்தார்.

நான் பக்கத்து நகரான சூக்கில் அலுவலகங்கள் துடைத்துச் சேர்த்த காசுக்குப் புதியது கட்டாது. பழையதானாலும் அவசரத்தில் கைவிடாத ஒன்று வேண்டும். சனிக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். என் பையில் அந்தக் கல், உடைந்த ஜன்னலின் படம், பொலிஸ் தந்த தாள். முதல்நாள் கணவர் அதிகாரிபோல் கேள்வி கேட்க, நான் டொச்சில், இந்த ஊர் ஜெர்மன் பாஷையில், பதில் சொல்லிப் பழகியிருந்தேன். அகதிக் கேஸ் கொடுத்தபோது எங்களுக்குப் படிப்பித்தது அதுதான். பயம் என்றால் அத்தாட்சி வேண்டும். அன்று என் பயத்தை அதிகாரிகள் நம்பவில்லை; தற்காலிகமாக இருக்க மட்டும் விட்டார்கள். இந்த முறை தவறவிடக் கூடாது என்றிருந்தேன்.

கடைக்காரர் வயதானவர், மரியாதையானவர். பழைய ரிவோல்வர் ஒன்றை எடுத்து வைத்தார். மலிவான பிஸ்டலில் சில வேளை குண்டு இடையில் சிக்கிக்கொள்ளும், இதில் அந்தத் தொல்லை குறைவு, விலையும் உங்களுக்குத் தாங்கும் என்றார். நான் கல்லை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, பாடமாக்கியதை ஒப்புவிக்கத் தொடங்கினேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் வாங்குகிறீர்கள் என்று நான் கேட்கவில்லையே, இங்கே யாரிடமும் கேட்பதில்லை என்றார். ஆனாலும் முழுவதையும் கேட்டார். கல்லைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். நானென்றாலும் பயந்திருப்பேன் என்றார். இந்த நாட்டில் என் பயத்தை நம்பிய முதல் மனிதர் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு பாஸ்போர்ட்டைக் கேட்டார். விரித்துப் பார்த்ததும் முகம் மாறியது. இலங்கைக்காரருக்கு விற்கக் கூடாதென்று சட்டம், என்ன காரணம் சொன்னாலும் முடியாது என்றார். ரிவோல்வர் கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்பிப் போனது. கல்லை மட்டும் இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் தந்தார்.

“விடு. வீட்டிலை மிளகாய்த்தூள் இருக்குத்தானே,” என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கீழ்வீட்டுக்காரன் ஏறினான். சூட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டு வருகிறான் போலும், தோளில் துவக்கு; இந்த நாட்டு ஆண்களுக்கு வீட்டில் வைத்திருக்கவென்று இராணுவம் கொடுப்பது. ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எங்களுக்கு எதிரே அமர்ந்து அதை முழங்காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டான். என் கணவர் தலையைக் குனிந்து அவனுக்கு வணக்கம் சொன்னார்.

நான் சொல்லவில்லை. அவனுடைய கல்லை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இடம் வரும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.